வாசலில் ஒரு தும்மல்

மடியில் கிடக்கும் கைக்குழந்தை தும்மினால் "நூறு" என்கிறோம். "நூறாயுசு", "தீர்க்காயுசு" என்று வீட்டுக்கு வீடு சொல் மாறும்; சொல்கிற குரலின் குழைவு மாறாது. அதே குழந்தை வளர்ந்து கல்லூரிக்குப் போகிறது. பருவத்தேர்வு நாளன்று, சென்னையை அடுத்த பொத்தேரியில் இருக்கும் கல்லூரிக்கு ரயிலேறப் புறப்பட்டு, வாசலில் நின்று செருப்பை மாட்டுகிற நேரத்தில் கூடத்திலிருந்து யாரோ ஒருமுறை தும்மிவிடுகிறார்கள். உடனே வீட்டின் முகம் மாறிவிடுகிறது. "ஒத்தத் தும்மல் ஆகாது. ரெண்டு நிமிஷம் உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ" என்கிறார்கள். தும்மியவர் அந்த வீட்டு மருமகளாக இருந்துவிட்டால் பார்வை இன்னும் கடுமையாகிறது. குழந்தையின் மூக்கில் நடந்ததும் மருமகளின் மூக்கில் நடந்ததும் ஒன்றுதான். ஒன்றுக்கு வாழ்த்து, மற்றொன்றுக்கு வசை. இந்த இரண்டு பதில்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "எல்லாம் மூடநம்பிக்கை" என்று தூக்கி எறிவோர் ஒரு பக்கம்; "எல்லாவற்றிலும் அறிவியல் இருக்கிறது" என்று தலையில் தூக்கிவைத்துக்கொள்வோர் மறுபக்கம். இரண்டுமே தவறு என்பது என் வாதம். வாழ்த்து இருக்கட்டும், சகுனம் போகட்டும். ஆனால் தும்மல் உண்மையில் நம்மிடம் கேட்கும் மரியாதை ஒன்று உண்டு. அது இந்த இரண்டு வழக்கங்களிலுமே இல்லை.

முதலில் தும்மல் என்ன என்று பார்த்துவிடுவோம். மூக்கின் உள்தோலில் தூசோ, மகரந்தமோ, மிளகாய் நெடியோ படும்போது அங்குள்ள நரம்பு நுனிகள் விழித்துக்கொள்கின்றன. முகத்தின் உணர்ச்சிகளைச் சுமக்கும் முக்கிளை நரம்பு அந்தச் செய்தியை மூளைத்தண்டில் இருக்கும் முகுளத்துக்குக் கொண்டுபோகிறது. 2021இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக (செயின்ட் லூயிஸ்) ஆய்வாளர்கள், எலிகளில் இந்தச் செய்தியைக் கடத்தும் நரம்பு செல்களையும், அவை பயன்படுத்தும் 'நியூரோமெடின் பி' என்ற வேதிப்பொருளையும், அதைப் பெற்றுக்கொண்டு தும்மலைத் தொடங்கிவைக்கும் மூளைப் பகுதியையும் அடையாளம் கண்டார்கள். கட்டளை பிறந்ததும் நெஞ்சு நிறையக் காற்றை இழுக்கிறோம், குரல்வளை ஒரு கணம் மூடிக்கொள்கிறது, மார்புத் தசைகள் இறுகி உள்ளே அழுத்தம் ஏறுகிறது, பிறகு எல்லாம் ஒரே வீச்சில் திறந்துகொள்கிறது. இதில் நம் விருப்பத்துக்கு இடமே இல்லை. 2012இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இன்னொரு செய்தியையும் சொன்னது. மூக்கினுள் சளியைத் தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்மயிர்கள் சோர்ந்துபோகும்போது, தும்மலின் அழுத்தம் அவற்றை மீண்டும் முடுக்கிவிடுகிறது. ஒரு தும்மலில் மூக்கு தெளிந்துவிட்டால் ஒன்றோடு நிற்கும். தெளியாவிட்டால் இரண்டு, மூன்று என்று தொடரும். ஒற்றைத் தும்மலுக்கும் இரட்டைத் தும்மலுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். ஒற்றை ஆகாது, இரட்டை நல்லது என்று பிரித்துவைத்த சகுன சாஸ்திரம், மூக்கு எத்தனை வீச்சில் சுத்தமாயிற்று என்பதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது.

வாழ்த்துக்கு அறிவியல் காரணம் தேடுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது, "தும்மும்போது இதயம் ஒரு நொடி நின்றுவிடுகிறது, அதனால்தான் பெரியவர்கள் வாழ்த்தச் சொன்னார்கள்" என்பது. பள்ளிக்கூடத்திலும் இதைச் சொல்லக் கேட்கலாம், வாட்ஸ்அப்பிலும் வரும். இதயம் நிற்பதில்லை. மார்பில் அழுத்தம் ஏறும்போது இதயத்துக்குத் திரும்பிவரும் ரத்தம் சற்றுக் குறைகிறது, அழுத்தம் இறங்கியதும் கூடுகிறது. அதற்கேற்ப துடிப்பின் தாளம் கொஞ்சம் முன்பின்னாகலாம். துடிப்பை உண்டாக்கும் மின்தூண்டல் ஓயாமல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கண்ணைத் திறந்துகொண்டு தும்மினால் விழி வெளியே வந்துவிடும் என்பதும் இதே ரகம். இமை மூடுவது அனிச்சைச் செயல். முயன்றால் திறந்தும் வைத்திருக்கலாம், விழிக்கு ஒன்றும் ஆகாது. பழைய நம்பிக்கையைவிட இந்தப் புதிய விளக்கங்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன. பாட்டி சொன்னதை "பாட்டி சொன்னது" என்று ஒதுக்கிவிட முடியும். அறிவியலின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும் பொய்யைப் படித்தவர்களே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

இன்னொரு கதை ஆங்கிலப் புத்தகங்கள் வழியாக வந்தது. கி.பி. 590இல் ரோம் நகரில் கொள்ளைநோய் பரவியபோது போப் முதலாம் கிரகோரி, தும்மியவர்களைப் பார்த்து "கடவுள் காப்பாற்றட்டும்" என்று சொல்லச் சொன்னாராம். அன்றிலிருந்து உலகம் தும்மலை வாழ்த்துகிறதாம். கேட்க அழகாக இருக்கிறது, காலக்கணக்கு இடிக்கிறது. கி.பி. 79இல் இறந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, தும்மியவரை நாம் ஏன் வாழ்த்துகிறோம் என்று அப்போதே கேட்டிருக்கிறார். சிரித்த முகத்தை யாரும் பார்த்திராத திபேரியஸ் மன்னன்கூட, வண்டியில் போகும்போதும் தனக்கு இந்த வாழ்த்து வேண்டும் என்று எதிர்பார்த்தான் என்றும் குறித்திருக்கிறார். ரோமை விட்டு நம் ஊருக்கு வந்தால் சான்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. திருக்குறளின் 132ஆம் அதிகாரமான புலவி நுணுக்கத்தில் மூன்று குறள்கள் தும்மலைப் பற்றியவை. முதலாவதில், ஊடிப் பேசாமல் இருக்கும் மனைவியைப் பேசவைக்கக் கணவன் தும்முகிறான். தும்மினால் அவள் நீண்ட நாள் வாழும்படி வாழ்த்தியே ஆகவேண்டும், அப்படியாவது வாய் திறப்பாள் என்பது அவன் கணக்கு. இரண்டாவதில் அவள் வாழ்த்திவிட்டு, உடனே யார் உங்களை நினைத்ததால் தும்மினீர்கள் என்று அழுகிறாள். மூன்றாவதில், இந்த வம்பே வேண்டாம் என்று அவன் தும்மலை அடக்குகிறான். உங்களை நினைப்பவரை என்னிடம் மறைக்கிறீர்களா என்று அதற்கும் அழுகை.

இந்த மூன்று குறள்களையும் காதல் நயத்துக்காக மட்டும் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். அவை சமூக வரலாற்றுச் சான்றும்கூட. தும்மினால் வாழ்த்துவது அன்றைக்கே, கோபத்தில் இருப்பவர்கூட மீற முடியாத அளவுக்குப் பழகிப்போன வழக்கம் என்பது அவற்றிலிருந்து தெரிகிறது. யாரோ நினைத்தால் தும்மல் வரும் என்ற நம்பிக்கையும் உடன் இருந்தது. முக்கியமாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே அச்சம் இல்லை. உயிர் போய்விடும், பேய் பிடித்துவிடும் என்ற நடுக்கம் உண்மையிலேயே இருந்திருந்தால், ஒருவன் மனைவியைச் சமாதானப்படுத்தும் விளையாட்டுக்குத் தும்மலைக் கையில் எடுத்திருப்பானா? அச்சம் எப்போதோ கரைந்து, வாழ்த்து என்ற வடிவம் மட்டும் அன்பின் மொழியாக எஞ்சிவிட்ட நிலையைத்தான் வள்ளுவர் பார்த்திருக்கிறார்.

அந்த அச்சம் என்னவாக இருந்தது என்பதற்குப் பௌத்த ஜாதகக் கதைகளில் 155ஆவதான கக்க ஜாதகம் ஒரு சான்று தருகிறது. காசிக்கு அருகே ஒரு சத்திரத்தில் ஒரு யட்சன் குடியிருக்கிறான். யாராவது தும்மும்போது "வாழ்க" என்று சொல்பவரையும், "நீயும் வாழ்க" என்று பதில் சொல்பவரையும் தவிர மற்றவர்களைத் தின்றுகொள்ளலாம் என்பது அவனுக்குக் கிடைத்த வரம். அங்கே தங்கிய ஒரு தந்தை தும்முகிறார். மகன் நிலைமையைப் புரிந்துகொண்டு, நூறாண்டும் அதற்கு மேல் இருபதாண்டும் வாழ்க என்று வாழ்த்த, தந்தையும் பதிலுக்கு வாழ்த்த, இருவரும் பிழைக்கிறார்கள். நம் வீட்டில் சொல்லும் அந்த "நூறு" எவ்வளவு பழைய எண் என்பது இதில் தெரிகிறது. ஆனால் கதையைவிட அதைச் சொல்ல நேர்ந்த சூழல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. புத்தர் உபதேசம் செய்துகொண்டிருக்கும்போது தும்முகிறார். துறவிகள் எல்லோரும் "வாழ்க" என்று உரக்கச் சொல்ல, உபதேசம் தடைபடுகிறது. அப்போது அவர், இப்படிச் சொல்வதால் ஒருவர் பிழைக்கவோ, சொல்லாததால் சாகவோ செய்வாரா என்று கேட்கிறார். இல்லை என்கிறார்கள். அப்படியானால் சொல்ல வேண்டாம் என்று விதிக்கிறார். பிறகு சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. துறவிகள் தும்மும்போது ஊர்மக்கள் வாழ்த்துகிறார்கள். விதியை நினைத்துத் துறவிகள் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். மரியாதை தெரியாதவர்கள் என்று மக்கள் குறைப்படுகிறார்கள். செய்தி புத்தரிடம் போகிறது. இல்லறத்தார் மங்கலச் சொற்களில் நம்பிக்கை உள்ளவர்கள், அவர்கள் வாழ்த்தினால் நீங்களும் நீடு வாழ்க என்று பதில் சொல்லலாம் என்று விதியைத் தளர்த்துகிறார். துறவிகளுக்கான விதிகளைச் சொல்லும் விநயப் பிடகத்தின் சுள்ளவக்கத்திலும் இது பதிவாகியிருக்கிறது.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கைமாறி வந்திருக்கும் இந்தத் தீர்ப்பைவிடத் தெளிவான ஒன்றை என்னால் எழுத முடியாது. சொல்லுக்கு உயிரைக் காக்கும் ஆற்றல் இல்லை என்பதில் புத்தர் விட்டுக்கொடுக்கவே இல்லை. அன்பாகச் சொல்லப்பட்ட சொல்லுக்கு மௌனத்தால் பதில் சொல்வது மனிதரைப் புண்படுத்தும் என்பதையும் ஏற்றுக்கொண்டார். நம்பிக்கை பொய்யானாலும், அது விட்டுச்சென்ற பண்பாடு பொய்யாக வேண்டியதில்லை. பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். கல்வி நிறுவன வளாகத்தின் வகுப்பறை ஒன்றில் பல மாநிலப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் தும்மும்போது ஆந்திராவிலிருந்து வந்த தோழி "சிரஞ்சீவ" என்கிறாள், பக்கத்து இருக்கைக்காரன் "பிளெஸ் யூ" என்கிறான். அவர்களில் யாருக்கும் யட்சன் நினைவில் இல்லை. உன்னைக் கவனித்தேன், நீ நலமாக இரு என்பது மட்டுமே அதன் பொருள். அதை மூடநம்பிக்கை என்று பிடுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

சகுனத்தின் கதை வேறு. வாழ்த்து தும்மியவரை அணைக்கிறது. சகுனம் அவரைக் குற்றவாளியாக்குகிறது. அதை நம்புவோர் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தும்மலில் எதிர்காலச் செய்தி இருக்கிறது என்றால், அந்தச் செய்தி ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது? ஹோமரின் ஒடிசி காவியத்தில் டெலிமாக்கஸ் வீடு அதிரத் தும்மும்போது, அவன் தாய் பெனலோப்பி அதை நற்சகுனமாக எடுத்துக்கொண்டு சிரிக்கிறாள். கி.மு. 401இல் பாரசீகத்தின் நடுவே தலைவர்களை இழந்து தவித்த கிரேக்கப் படையிடம் செனொஃபன் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு வீரன் தும்மினான். மீட்சியைப் பற்றிப் பேசும்போது வந்த தும்மல் கடவுளின் ஒப்புதல் என்று படையே வணங்கியது. ஜப்பானில் யாரோ நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பார்கள். நம் வாசலில் மட்டும் அது காரியத் தடை. ஒரே மூக்கு, ஒரே முகுளம். தீர்ப்புகள் மட்டும் நேரெதிர். செய்தி தும்மலில் இருந்திருந்தால் எல்லோரும் ஒன்றையே படித்திருப்பார்கள்.

"அதெல்லாம் சரி, எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் தும்மல் வருகிறதே" என்பார்கள். வருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. வருவதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. நல்ல காரியத்துக்குப் புறப்படும் வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் கூட்டிப் பெருக்கியிருப்பார்கள்; தூசு இன்னும் காற்றில் இருக்கும். சாம்பிராணி போட்டிருப்பார்கள், ஊதுபத்தி, கற்பூரம். அடுப்பில் தாளிப்பு, காய்ந்த மிளகாய் எண்ணெயில் கருகும் நெடி கூடம்வரை வரும். அப்போதுதான் பூசிய முகப்பவுடர். ஆறு மாதமாகப் பீரோவில் மடித்துக் கிடந்த பட்டுப்புடவையைப் பிரித்திருப்பார்கள். பாச்சை உருண்டை வாசனையோடு பழைய தூசும் வெளியே வரும். போதாக்குறைக்கு, விளக்கு வெளிச்சம் மட்டுமே இருக்கும் கூடத்திலிருந்து கதவைத் திறந்து கிழக்கு வெயிலில் காலை வைக்கிறார்கள். பலருக்குத் திடீர் வெளிச்சம் பட்டாலே தும்மல் வரும். மருத்துவத்தில் இதற்கு ஒளித்தும்மல் அனிச்சை என்று பெயர். ஆய்வுகள் இதை மக்களில் 18 முதல் 35 விழுக்காடு பேரிடம் கண்டிருக்கின்றன. சூரியனைப் பார்த்தால் ஏன் தும்மல் வருகிறது என்று அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் வினா நூலே கேட்டிருக்கிறது. கண்ணின் நரம்புக்குப் போகும் தூண்டல் அருகிலிருக்கும் முக்கிளை நரம்பிலும் கசிவதால் இது நேரலாம் என்று கருதுகிறார்கள். இது பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதி.

இந்தக் கடைசிச் செய்தியை நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்கு மட்டும் இந்த அனிச்சை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழியனுப்ப வாசலுக்கு வரும்போதெல்லாம் வெயில் பட்டு அவளுக்குத் தும்மல் வரும், அதுவும் பெரும்பாலும் ஒன்றிரண்டு. "அவள் வந்து நின்றாலே தும்முவாள்" என்பது கண்ணால் கண்ட உண்மையாகவே இருக்கும். அதிலிருந்து "ராசி இல்லாதவள்" என்ற பட்டத்துக்கு ஓரடி தூரம்தான். நல்ல காரியங்களில் அவளைப் பின்கட்டில் நிற்கச் சொல்லும் வீடு, அவளது மரபணுவில் இருக்கும் ஒரு சின்ன வேறுபாட்டுக்காக அவளைத் தண்டிக்கிறது. சகுனம் யாரையும் துன்புறுத்தாத பழக்கம் என்று சொல்வோருக்கு இதுதான் என் பதில். ரயில் தவறினால் அடுத்த ரயில் வரும். ஒரு மனிதப் பிறவியின் மேல் விழுந்த பட்டம் எளிதில் போகாது.

அடுத்த எதிர்வாதம் அனுபவத்திலிருந்து வருவது. "அன்றைக்குத் தும்மலை மீறிப் போனேன், வண்டி பஞ்சர்." நடந்திருக்கும். ஆனால் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அது கணக்காகாது. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு தும்மல் என்று மிகக் குறைவாக வைத்தாலும் ஆண்டுக்கு 1,825 தும்மல். அவற்றில் எத்தனை, யாரோ ஒருவர் கிளம்பும் நேரத்தில் வந்தவை? அப்படித் தும்மியபோது எத்தனை முறை காரியம் கெட்டது, எத்தனை முறை தும்மியும் காரியம் நன்றாக முடிந்தது, எத்தனை முறை தும்மாமலே கெட்டது, எத்தனை முறை தும்மாமல் நன்றாக முடிந்தது என்று நான்கு கட்டங்களையும் நிரப்பினால்தான் தொடர்பு உண்டா என்று சொல்ல முடியும். நம் நினைவு முதல் கட்டத்தை மட்டும் எழுதிக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிடுகிறது. இது முட்டாள்தனம் இல்லை, மனித மூளையின் இயல்பு. இயல்பு என்பதாலேயே அதற்கு எதிராகக் காகிதமும் பேனாவும் தேவைப்படுகின்றன.

கொஞ்சம் நுட்பமானவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள்: "தும்மல் நோயின் அறிகுறி. உடம்பு சரியில்லாதபோது வெளியே போகாதே என்பதைத்தான் முன்னோர் சகுனம் என்று சொல்லிவைத்தார்கள்." இதை மதித்துப் பரிசீலிக்க வேண்டும், பரிசீலித்தால் நிற்கவில்லை. நோய்தான் காரணம் என்றால் தும்மியவரைத்தான் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்க வேண்டும். சகுனமோ கிளம்புகிறவரைத் தடுக்கிறது, தும்மியவர் எங்கே போனாலும் கவலைப்படுவதில்லை. சளி பிடித்தவர் அடுத்தடுத்துத் தும்முவார். சகுனமோ அடுக்குத் தும்மலை நல்லதென்று விட்டுவிட்டு ஒற்றையைப் பிடிக்கிறது. எந்த நோயும் இரண்டு நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் விலகாது. தும்மலில் தெறிக்கும் துளிகள் நோயைக் கொண்டுபோகலாம் என்று ஜெர்மானிய மருத்துவர் கார்ல் ஃப்ளூக்கே காட்டியதே 1890களின் இறுதியில்தான். முன்னோருக்குத் தெரிந்திருக்க முடியாததைத் தெரிந்திருந்தது என்று சொல்வது அவர்களைப் பெருமைப்படுத்துவதாகாது. அவர்கள் உண்மையிலேயே கண்டறிந்தவை இருக்கின்றன, அவற்றைக் கவனித்தால் போதும்.

அப்படி ஒன்று இந்த ரயில் பாதையிலேயே கிடைக்கிறது. பொத்தேரியிலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் நோக்கிப் போகும் வண்டி கூடுவாஞ்சேரி, வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம் தாண்டி, தாம்பரம் சானடோரியத்தில் நிற்கும். அங்கே 2005இல் தொடங்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சித்த மருத்துவம் உடலின் பதினான்கு வேகங்களைப் பட்டியலிடுகிறது; சிறுநீர், பசி, கொட்டாவி, தூக்கம், கண்ணீர் முதலிய அந்த இயல்பான உந்துதல்களை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் வரும் என்கிறது. பதினான்கில் தும்மலும் ஒன்று. அடக்கினால் வரும் என்று அது சொல்லும் நோய்கள் எல்லாவற்றையும் இன்றைய மருத்துவம் ஏற்கவில்லை. அடக்காதே என்ற அறிவுரையை ஏற்கிறது. 2018இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் 34 வயது ஆண் ஒருவர் மூக்கைப் பிடித்து வாயையும் மூடிக்கொண்டு தும்மியதில் அவரது தொண்டையின் உட்சுவர் கிழிந்த செய்தி மருத்துவ இதழில் வெளியானது. 2023இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில், கார் ஓட்டும்போது அதேபோல் அடக்கிய ஒருவருக்கு மூச்சுக்குழாயிலேயே சிறு கிழிசல் ஏற்பட்டது. இவை மிக அரிது. இருந்தாலும், வெளியே போக வேண்டிய அழுத்தத்தை உள்ளே திருப்பினால் அது எங்கோ வழி தேடும் என்பது விளங்குகிறது. சகுனத்துக்குப் பயந்து, பெரியவர்கள் முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு தும்மலை விழுங்கப் பழகும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லியாக வேண்டும்.

அதே சானடோரியத்தில் இன்னொரு வளாகம் இருக்கிறது. நிலையத்துக்குப் பெயர் தந்ததே அதுதான். காசநோயாளிகளுக்காக மருத்துவர் டேவிட் சௌரி முத்து 1928இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை, 1937இல் அரசின் கைக்கு வந்து, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இருக்கிறது. காசநோய் பெரும்பாலும் இருமல் வழியாகப் பரவுவது. நுரையீரலிலிருந்து கிளம்பும் காற்று எதுவானாலும், பேச்சும் தும்மலும் உட்பட, கிருமியைச் சுமக்க முடியும். உலகில் புதிதாகக் காசநோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். சளிக்காய்ச்சல், இன்ஃப்ளூயன்சா, கொரோனா போன்றவற்றுக்கோ தும்மல் நேரடி வாகனம். ஒரு வளாகத்தின் மரபு அடக்காதே என்கிறது; மறு வளாகத்தின் அனுபவம் அடுத்தவர் மேல் விடாதே என்கிறது. இரண்டையும் சேர்த்தால் கிடைப்பதுதான் நம் வழக்கங்களில் விடுபட்டுப்போன மரியாதை: தும்மலை வரவிடு, மூடிக்கொண்டு வரவிடு.

மூட வேண்டியது ஏன் என்பதை அளவுகளே சொல்லும். தும்மல் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று பாடப்புத்தகத் துணுக்குகள் சொல்லும். 2013இல் சிங்கப்பூரில் ஆய்வாளர்கள் தன்னார்வலர்களைத் தும்மவைத்துப் படம்பிடித்து அளந்தபோது கிடைத்த உச்ச வேகம் நொடிக்கு 4.5 மீட்டர், அதாவது மணிக்குப் பதினாறு கிலோமீட்டர். சைக்கிளின் வேகம். அப்படியானால் ஆபத்தில்லையே என்று நினைக்கக் கூடாது. வேகத்தைவிடத் தூரம் முக்கியம். எம்.ஐ.டி. ஆய்வாளர் லிடியா பூருய்பா, தும்மலை வெறும் துளிகளின் சிதறலாகப் பார்க்காமல், ஈரமும் சூடும் உள்ள ஒரு மேகமாகப் பார்க்க வேண்டும் என்று காட்டினார். அந்த மேகம் துளிகளைத் தன்னுள் பொதிந்து ஏழெட்டு மீட்டர் வரை கொண்டுபோகக்கூடும். நம் மின்சார ரயில் பெட்டியின் அகலம் நான்கு மீட்டர்கூட இல்லை. காலை எட்டு மணி வண்டியில், தோளோடு தோள் உரசி நிற்கும் கூட்டத்தில், மூடாமல் விட்ட ஒரு தும்மல் எத்தனை பேர் மூச்சில் கலக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உள்ளங்கையால் மூடினால் பாதி வேலைதான் ஆகிறது. அடுத்த நொடி அதே கை மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடிக்கிறது, அடுத்த நிறுத்தத்தில் வேறொரு கை அதைப் பிடிக்கிறது. அதனால்தான் கைக்குட்டை, இல்லாவிட்டால் முழங்கை மடிப்பு என்கிறார்கள். தோளில் துண்டு இருந்தால் துண்டு, புடவை கட்டியிருந்தால் முந்தானை.

இப்படி மூடிக்கொள்வது மேல்நாட்டு நாகரிகம், நமக்கெதற்கு என்று கேட்போர் உண்டு. தமிழ் முஸ்லிம்கள் பின்பற்றும் மரபைப் பார்க்கலாம். அங்கே தும்மியவரே முதலில் "அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொல்கிறார், கேட்டவர் "யர்ஹமுகல்லாஹ்" என்று அருள் வேண்டுகிறார். தும்மல் அங்கே அபாயமோ சகுனமோ இல்லை. நபிகள் நாயகம் தும்மும்போது கையாலோ ஆடையாலோ முகத்தை மறைத்து ஓசையைத் தணித்துக்கொள்வார் என்றும் ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. கிருமி என்ற சொல்லே இல்லாத காலத்தில், பக்கத்தில் இருப்பவரை நினைத்து உருவான பழக்கம் அது.

நம்மிடமும் வாயை மூடும் வழக்கம் ஒன்று இருந்தது, அதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. கைகட்டி வாய்பொத்தி நிற்பது என்ற தொடர் எதை நினைவூட்டுகிறது? தாழ்த்தப்பட்டவர் ஆதிக்க சாதியார் முன் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும், தாழ்த்தப்பட்டவரின் மூச்சு பட்டால் தீட்டு என்ற கொடுமையை நினைவூட்டுகிறது. அங்கே மூச்சு ஒரு திசையில் மட்டும் அசுத்தம். மேலே இருப்பவர் எப்படித் தும்மினாலும் கேட்பார் இல்லை. கிருமிக்கு அந்த மேல்-கீழ் தெரியாது. பேராசிரியரின் தும்மலும் வளாகத்தைப் பெருக்கும் தொழிலாளியின் தும்மலும் ஒரே தூரம் போகும். ஆகவே எல்லோரும் எல்லோருக்காகவும் மூடிக்கொள்ள வேண்டும். முதலாளி தொழிலாளிக்காக, மாமியார் மருமகளுக்காக, மூத்தவர் மடியில் இருக்கும் குழந்தைக்காக. 2020 மார்ச்சில் ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கும் முன்னால் ஓர் இருமல் ஒலித்து, பிறகு அறிவுரை வந்தது நினைவிருக்கும். முகக்கவசம் அணிந்த ஓரிரு ஆண்டுகளில் நாம் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் என்பதைக் காட்டிவிட்டோம். அன்று பயத்தால் செய்ததை இன்று மரியாதையாகச் செய்ய வேண்டும், அவ்வளவே.

எனவே வாசலில் நின்று பிள்ளையை வழியனுப்பும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாராவது தும்மினால் "நூறு" என்று சொல்லுங்கள். பாட்டி காலத்துச் சொல், வீட்டில் இருக்கட்டும். தும்மியவரை முறைக்காதீர்கள். பிள்ளையை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள், தேர்வுக்கு நேரமாகிறது. பையில் கைக்குட்டை இருக்கிறதா என்று மட்டும் கேட்டு அனுப்புங்கள்.